நிலைக்காத இடம்

வங்கிக் கவுன்டரில் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தவள்
தொழில் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள்.
நீர்ப்பந்து, என்றேன்.
பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறீர்களா?
இல்லை, ஆடுகிறேன்.
சம்பளத்துக்கா?

அந்த வருடம் மட்டும், ஆமாம், சம்பளத்துக்கு.
பெர்த் கிளப் ஒன்றில் ஒரு பருவம்:
இரண்டு வாரத்துக்கொரு முறை காசு,
ஒரு சைக்கிள், மூவர் பங்கிட்ட அறை.
மீதிப் பதின்மூன்று வருடமும்
புக்கிட் ஜாலில் எல்ஆர்டியில்
ஈரத்தலையோடு நின்றுகொண்டே போனது.
அவள் 'லாயின்-லாயின்' என்று எழுதிக்கொண்டாள்.
மற்றவை.

சிவப்புத் தொப்பி, எண் ஒன்று.
மூன்று மீட்டர் அகலத்துக்கு நான் பொறுப்பு,
இரு கைகளையும் விரித்தால்
பாதிக்குக் கொஞ்சம் மேலே மூடும்.
மிச்சம் ஊகம்.

கோல்காவலர் மட்டும் தரையில் நிற்கலாம்
என்கிறது விதிப்புத்தகம், பெரிய மனசு.
எங்கள் குளத்தில் தரை
இரண்டு மீட்டர் பத்துக்குக் கீழே.
ஆகவே கால்கள் இரண்டும் எதிரெதிராக
முட்டை அடிப்பதுபோல் சுற்றியபடி இருக்கவேண்டும்,
ஒரு மணிநேரம், சில நாள் இரண்டு.
மாமாக் கடையில் ரொத்தி தெலூருக்கு
பையன் முட்டை அடிப்பதைப் பார்த்தால்
இன்றைக்கும் எனக்கு இடுப்பு வலிக்கும்.

ஆட்டத்துக்கு முன் நடுவர் நகம் பார்ப்பார்,
ஒன்றாம் வகுப்பு டீச்சர்போல வரிசையாக.
பார்த்தும் ஃபத்தினின் முதுகில்
மாதம் ஒரு புதுக்கோடு.
சொந்தக்காரர் கூடிய கல்யாண மண்டபம் அது:
மேலே எல்லாரும் நல்லவர்கள்,
விலாவில் முழங்கால் ஏறுவது கீழே.

தம்பி கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க
பிரிக்ஃபீல்ட்ஸ் தையல்காரர்
என் தோளை இரண்டுமுறை அளந்தார்.
நோட்டில் எழுதிவிட்டு
மூன்றாம் முறையும் அளந்தார்.

அம்மா குளத்துக்கு வந்தது ஒரே ஒரு நாள்.
படிக்கட்டு இருக்கையில் கைப்பையை மடியில் அணைத்தபடி,
'அங்கே நிலைக்குமா?' என்று கேட்டாள்.
நிலைக்காதும்மா, ஆழம், என்றேன்.
கால் நிலைப்பதைத்தான் கேட்டாள் என்று
ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தடுத்த பந்துகள் ஞாபகத்தில் இல்லை.
கடைசிக் கால்பகுதி, பதினோரு விநாடி மிச்சம்,
பெனால்டி.
எறிபவளின் தோள் இடதுபக்கம் என்று பொய் சொன்னது.
நம்பினேன்.
பந்து வலது காதை உரசிப் போனதில்
தொப்பியின் காதுக்கவசம் கழன்று
சுழன்று சுழன்று இறங்கியதைப் பார்த்தேன்.
வலை ஆடியதைப் பார்க்கவில்லை.

விலகுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.
ஒரு வெள்ளி பயிற்சிக்குப் போகவில்லை,
அடுத்த வெள்ளியும்.
வலது கையைத் தூக்கித் தலை வார முடியாத வாரம் அது.
சியூ லிங் வாட்சாப்பில் ஒரு கேள்விக்குறி அனுப்பினாள்.
மூன்று நாள் கழித்து ஒரு கட்டைவிரல்.

இப்போது செராஸில் காப்புறுதி விற்கிறேன்.
நகம் வளர்க்கலாம். வளர்த்தேன்.
கோப்பு திறக்கையில் உடைகிறது.

போன மாதம் ஓடு மாற்றக் குளத்தை
வற்றவிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு
மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனேன்.
அலுவலகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
ஏணியில் இறங்கினேன், கடைசிப் படிவரை, அதற்கும் கீழே.

நீலம் தண்ணீரில் இல்லை, ஓட்டில் இருந்திருக்கிறது.
வடிகாலருகே ஒரு கொண்டை ஊசி,
கறுத்துப்போன இருபது காசு.
காதுக்கவசம் இல்லை. எதற்குத் தேடினேனோ.
என் கோல் இருந்த இடத்தில் நின்று
இடது கையை உயர்த்தினேன்.
சுவரில் பழைய நீர்மட்டத்தின் கறை,
விரல்நுனி அதைத் தாண்டிப்போனது.

ஓடு பெயர்த்துக்கொண்டிருந்த வங்காளதேசத்துக்காரர்
என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.
இங்கேதான் வேலை பார்த்தேன், என்றேன்.
இங்கேயா, என்று தரையைப் பார்த்தார்.
இல்லை, அங்கே, என்று
தலைக்குமேல் காற்றைக் காட்டினேன்.

வேறெதுவும் கேட்கவில்லை.
சிமென்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்து
சட்டையால் துடைத்து, உட்காருங்கள் என்றார்.
உட்கார்ந்தேன்.
முழங்கால்கள் கொஞ்ச நேரம்
நம்பவே இல்லை.